முங்கிய சப்மரீன் ஏறி வரவில்லை. குற்றம் டவர் மேலா, என் மேலா?

காயில்கடை, மூலைக்கரைப்பட்டி:

எல்லாருக்கும் வணக்கம். மூலைக்கரைப்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்சி, டேபிள் ஃபேன் என்று எது எரிந்தாலும் என் பெஞ்சுக்கு வரும். இந்த மாடல் பொம்மைக் குழுவில் எழுதுகிறவர்கள் பெயின்ட், ஸ்டிக்கர் என்று அழகழகாகப் படம் போடுகிறீர்கள். என் கதையில் அழகு கிடையாது, சேறுதான்.

கிட் (பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மை) 1/144 அளவு, 'கிலோ' என்ற ரஷ்ய வகை நீர்மூழ்கி. நம் கடற்படையில் சிந்துகோஷ், சிந்துராஜ் என்று 'சிந்து' பெயரில் வந்தவை இந்த வகைதான். நிஜக் கப்பல் 72.6 மீட்டர், பொம்மை அரை மீட்டருக்கு ஒரு நூல் கூட. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக ஒட்டி, கறுப்பு அடித்து, டிவி ஸ்டாண்டில் வைத்தேன். வைத்த அன்றைக்கே மகள் கேட்டாள்: "இது முங்குமாப்பா?"

முங்காது என்று சொல்ல வாய் வரவில்லை. முந்நூறு அடி ஆழத்தில் ஓடுகிற மோட்டாரைப் பிரித்துக் கட்டிச் சோறு சாப்பிடுகிறவன், ஒரு பொம்மையை முங்க வைக்க முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஒட்டின உடம்பை ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் மறுபடியும் அறுத்தேன். நெஞ்சு பதறத்தான் செய்தது. மேல் ஓடு தனியாகக் கழன்று வரும்படி நாலு சின்ன ஸ்க்ரூ. உள்ளே 50 மில்லிமீட்டர் பிவிசி பைப், 25 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனையில் மூடியை சால்வென்ட் போட்டு நிரந்தரமாக அடைத்தாயிற்று, மறுமுனையில் ஓ-ரிங் வைத்த மூடி. அதற்குள் இரண்டு 18650 பேட்டரி, ஒரு என்20 கியர் மோட்டார், இறக்கையையும் சுக்கானையும் திருப்ப இரண்டு சின்ன சர்வோ, ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர். ஷாஃப்ட் சைக்கிள் ஸ்போக். பித்தளைக் குழாயில் கிரீஸ் அடைத்து அதன் வழியாக வெளியே எடுத்தேன். சர்வோ கம்பி வெளியே வருகிற இடத்தில் சைக்கிள் வால்வு ட்யூப். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, இதுவரை ஒழுகவில்லை.

தண்ணீரை நிரப்பி முங்குகிற தொட்டியெல்லாம் வைக்கவில்லை. சும்மா விட்டால் மிதக்கும். ஓடும்போது இறக்கையைச் சாய்த்தால் மூக்கு இறங்கி முங்கும். மோட்டாரை நிறுத்தினால் தானாக ஏறி வரவேண்டும். அப்படித்தான் நினைத்தேன்.

துணி துவைக்கிற தொட்டியில் நன்றாக இருந்தது. மாசி மாதம் மாமனார் ஊருக்குப் போனபோது கொண்டுபோனேன். விஜயநாராயணம் பக்கம். முதலில் தோட்டத்துக் கிணற்றில் விட்டேன். ஒரு சாண் வரைக்கும் சொன்னபடி கேட்டது, அதற்குக் கீழே போனதும் கிறுக்குப் பிடித்த மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றியது. படியில் இறங்கிப் பிடித்துவிட்டேன். மறுநாள் மதியம் குளம். பைக் டேங்க் மேல் வைத்து எடுத்துப்போய், மச்சினன் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கரையில் நிற்க, விட்டேன். பத்தடி போயிற்று, மூக்கு இறங்கிற்று. அவ்வளவுதான். ரிமோட்டை எப்படித் திருகினாலும் பதிலில்லை. முக்கால் மணி நேரம் இடுப்பளவுத் தண்ணீரில் காலால் துழாவி, சேற்றில் மூக்கைக் குத்தி நின்றதைக் கண்டுபிடித்தோம். பைப்பைத் திறந்தால் ஒரு காபி டம்ளர் தண்ணீர். மோட்டார் கன்ட்ரோலர் போர்டு போயே போயிற்று.

மாமனார் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, "நேவி டவர் இருக்குல்லா, அதுக்குக் கிட்ட எந்த ரிமோட்டும் வேலை செய்யாது" என்பது. அந்த ஊரில் டிவி மங்கினாலும் டவர்தான், முருங்கை காய்க்காவிட்டாலும் டவர்தான். ஆனால் அங்கே எல்லார் செல்போனும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: சிக்னல் ஏன் போனது, தண்ணீர் எப்படி உள்ளே போனது, மோட்டார் நின்ற பிறகும் ஏன் ஏறி வரவில்லை? அதே பைப் தொட்டியில் அரை மணி நேரம் கிடந்தும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. சேறு அப்பின உடம்பையும் திறந்த உள்பக்கத்தையும் படம் போட்டிருக்கிறேன்.

குறுக்குத்துறைக்காரன்:

அண்ணாச்சி, முங்கின சப்மரீனை இடுப்பளவுத் தண்ணீரில் காலால் தேடிக் கண்டுபிடித்த ஒரே ஆள் நீங்கள்தான். சேறு அப்பின அந்த போட்டோவைக் கழுவாமல் அப்படியே போடுங்கள்.

உவரிக்கரை:

தம்பி, நான் கடற்படையில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பார்த்த வேலையைப் பற்றிப் பேசமாட்டேன், கேட்கவும் வேண்டாம். பாடப்புத்தகத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

டவர் மேல் பழி போடவேண்டாம். அங்கே இருக்கிற ஐ.என்.எஸ். கட்டபொம்மன், முங்கிய நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பக் கடற்படை 1990-ல் தொடங்கிய நிலையம். அது அனுப்புவது மிகத் தாழ்ந்த அலைவரிசை, 3-லிருந்து 30 கிலோஹெர்ட்ஸுக்குள் வரும் வகை. உம்முடைய ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ். 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு லட்சத்து இருபதாயிரம் மடங்கு தூரம். ஒன்று பேசுவது மற்றதன் காதில் விழாது.

வேடிக்கை என்னவென்றால், குளத்தில் உமக்கு வந்த அதே தொந்தரவுக்காகத்தான் அந்த டவர்களையே நட்டிருக்கிறார்கள். தண்ணீர் ரேடியோ அலையைக் குடித்துவிடும். அலைவரிசை ஏற ஏறக் குடிப்பதும் கூடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் நல்ல தண்ணீரிலேயே ஒரு சாண் தாண்டினால் திணறும், ஒரு முழத்தில் செத்துவிடும். கிணற்றில் நீர் பார்த்த ஒரு சாண் கணக்கு அதுதான். நல்ல அளவு எடுத்திருக்கிறீர், தெரியாமலே.

கடல் இன்னும் மோசம், உப்பு மின்சாரத்தைக் கடத்தும். 20 கிலோஹெர்ட்ஸ் அலைகூட கடலில் ஒன்றே முக்கால் மீட்டர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். அடுத்த ஒன்றே முக்கால் மீட்டரில் மீதியிலும் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் அனுப்பும்போதே அவ்வளவு பலத்தோடு அனுப்பவேண்டியிருக்கிறது. அந்த அலை ஒன்றின் நீளமே 15 கிலோமீட்டர். அதற்கு ஏரியல் கட்டவேண்டும் என்றால் டவர் வானத்தை முட்டாமல் என்ன செய்யும்? அதுவும் ஒருவழிப் பாதைதான். முங்கிக் கிடக்கிற கப்பல் கேட்டுக்கொள்ளும், அதே அலையில் திருப்பிப் பேசாது. பேச நினைத்தாலும் அந்த அளவு டவரைக் கப்பலில் எங்கே நடுவது?

உம் பொம்மைக்கு இரண்டு வழி. பழைய 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் கிடைத்தால் வாங்கும். குளத்துத் தண்ணீரில் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்கு அது தாங்கும். ஆனால் எங்கள் உவரிக் கடலுக்குக் கொண்டுவந்துவிடாதீர். 27 மெகாஹெர்ட்ஸ் கடலில் ஐந்து சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் இளைத்துவிடும். இரண்டாவது வழி செலவில்லாதது. ரிசீவரின் ஏரியல் வயரை ஒரு கோ-ஆக்சியல் வயர் போட்டு நீட்டி, நுனியை ஒரு சின்ன மிதவையில் கட்டி, தண்ணீருக்கு மேலே இழுபடவிடும். பெரிய கப்பலும் மிதக்கும் வயரை மேலே விட்டுத்தான் கேட்கிறது. அசிங்கமாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லும்.

இன்னொன்று. சிக்னல் அறுந்தால் என்ன செய்யவேண்டும் என்று ரிசீவருக்குச் சொல்லி வைத்தீரா? ஃபெயில்சேஃப் என்று இருக்கும். பல ரிசீவர்கள் கடைசியாக வந்த உத்தரவையே பிடித்துக்கொண்டு நிற்கும். உமது கடைசி உத்தரவு "ஓடு, மூக்கை இறக்கு". அது சொன்ன சொல் தவறாமல் சேறு வரைக்கும் போயிருக்கிறது. சிக்னல் இல்லை என்றால் மோட்டார் நிற்கவேண்டும், இறக்கை மேல்நோக்கித் திரும்பவேண்டும் என்று மாற்றி வையும்.

டவரைப் படம் எடுத்து இங்கே போடவேண்டாம். கேட்காமலே சொல்லி வைக்கிறேன்.

அம்பைப்பிசின்:

நான் அம்பாசமுத்திரம், இப்போது இருப்பது பெங்களூரு. எனக்கு ரேடியோ தெரியாது, பிளாஸ்டிக் தெரியும். உங்கள் படத்தில் உள்ளே ஒட்டியிருக்கிற வெள்ளைத் துண்டு தெர்மோகோல்தானே? ஒட்டியது ஃபெவிக்விக்கா, கிட் ஒட்டுகிற பிசினா? இரண்டுமே தெர்மோகோலைத் தின்னும். வெளியே முழுசாகத் தெரியும், பின்பக்கம் குழிந்து போயிருக்கும். கழற்றிப் பாருங்கள். மிதவைக்குப் பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி வையுங்கள், ஒட்டுவதற்கு அரால்டைட்.

அது இருக்கும் இடமும் தப்பு. பைப்புக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள், கனத்துக்கு வைத்த ஈயம் பக்கவாட்டில் இருக்கிறது. தண்ணீருக்கு மேலே மிதக்கும்போது படகு மாதிரி அகலம் தாங்கும், சாய்ந்தாலும் நிமிரும். முழுக்க முங்கிவிட்டால் அந்த உதவி கிடையாது. கனம் அடியில், மிதவை உச்சியில் இருந்தால் மட்டுமே நிமிர்ந்து நிற்கும். கிணற்றில் ஒரே பக்கமாகச் சுற்றியதற்கு சிக்னல் பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி என்பது என் சந்தேகம்.

எவ்வளவு ஈயம் என்பதைக் கைக்கணக்கில் போடாதீர்கள். 50 மில்லிமீட்டர் பைப், 25 சென்டிமீட்டர் நீளம் என்றால் அது தள்ளும் தண்ணீர் சுமார் 490 கிராம். கிட்டின் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், அதன் எடை முங்கியபின் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். ஆகவே பைப்பும் உள்ளே இருப்பதும் ஈயமும் சேர்ந்து 475 பக்கம் நின்றால், 15 கிராம் மிதப்பு மிச்சம் இருக்கும். கப்பல் முதுகில் நிற்கும் கோபுரத்தின் உச்சி மட்டும் வெளியே தெரியும் அளவு. நகைக்கடைத் தராசு வேண்டாம், காய்கறித் தராசும் வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். உங்கள் பைப்புக்குள் போன ஒரு டம்ளர் தண்ணீர், 15 கிராம் மிச்சத்தைத் தின்றுவிட்டுக் கடனும் வைத்திருக்கும். மோட்டார் நின்றாலும் ஏறி வராது.

அப்புறம் ஓட்டைகள். கிட்டில் பக்கவாட்டில் வரிசையாகக் குழி குழியாக இருக்குமே, அவற்றை அழகுக்கு என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் துளைத்துத் திறக்கவேண்டும், நிஜக் கப்பலில் மேல் ஓட்டுக்குள் தண்ணீர் போய்வரும் வழி அது. விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா கப்பலை 2002-லிருந்து கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். அது ஃபாக்ஸ்ட்ராட் வகை, உங்களுடையதைவிட மூத்தது. அங்கே நான் உள்ளே இருந்த நேரத்தைவிட வெளியே அந்த ஓட்டை வரிசையைப் பார்த்து நின்ற நேரம்தான் அதிகம். கூட வந்தவர்கள் திட்டினார்கள். கோபுரத்தின் உச்சியிலும் ஒரு ஊசித்துளை போடுங்கள். இல்லாவிட்டால் காற்றுக்குமிழி அங்கே மாட்டிக்கொண்டு, ஒரு நாள் முங்கும், ஒரு நாள் முங்காது. ஏன் என்று தெரியாமல் மண்டை காயும். தண்ணீரில் விட்டதும் குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி ஒரு தடவை கவிழ்த்து ஆட்டி எடுங்கள்.

நிறம் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. சுத்தக் கறுப்பு அடித்தால் இந்த அளவில் பொம்மையாகத்தான் தெரியும். கறுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்து அடியுங்கள். கிலோ வகையின் உடம்பில் ஒலியை விழுங்கும் ரப்பர் ஓடுகள் பதித்திருப்பார்கள். சில ஓடுகளை மட்டும் ஒரு பொட்டு வெளிறிய கறுப்பில் தொட்டுவிட்டால் போதும்.

உவரிக்கரை:

தொட்டியில் ஒழுகாத பைப் குளத்தில் ஏன் ஒழுகியது என்பதற்கு என் ஊகம். மதிய வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்து எடுத்துப் போனேன் என்கிறீர். மூடியை எங்கே வைத்து மூடினீர்?

காயில்கடை:

அண்ணாச்சி, குளத்தங்கரையில்தான் மூடினேன். வெயிலில். பேட்டரியை மாட்டிவிட்டுக் கடைசியாக மூடுவேன்.

நீங்கள் கேட்டதும் பொறி தட்டியது. பைப்புக்குள் இருந்த காற்று 45 டிகிரி சூட்டில் அடைபட்டது. குளத்துத் தண்ணீர் 28 இருந்திருக்கும். காற்று ஆறினால் சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நூற்றுக்கு ஐந்து குறைகிறது. அது அரை மீட்டர் ஆழத்துக்குச் சமம். அதாவது குளத்தில் இறங்குவதற்கு முன்னாலேயே என் பைப் அரை மீட்டர் ஆழத்தில் இருந்த கணக்கு. ஷாஃப்ட் வழியாக கிரீஸையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. பித்தளைக் குழாயில் பாதிக்கு மேல் கிரீஸே இல்லை, இப்போதுதான் பார்த்தேன். தொட்டி வீட்டு நிழலில் இருக்கிறது, அங்கே வைத்து மூடினதும் நிழலில்தான்.

அக்கா, தெர்மோகோலைக் கழற்றினேன். நீங்கள் சொன்னது சொன்னபடி. முன்பக்கம் முழுசு, பின்பக்கம் குளவிக்கூடு மாதிரி. ஃபெவிக்விக்தான்.

இந்த ஷாஃப்ட் சீல் தலைவலியே வேண்டாம் என்று ஒரு யோசனை. எங்கள் தொழிலில் போர் மோட்டாருக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று யாரும் மல்லுக்கட்டுவதில்லை. வயருக்கே பிளாஸ்டிக் உறை இருக்கும், மோட்டாருக்குள் நாமே நல்ல தண்ணீரை ஊற்றி நிரப்பித்தான் கிணற்றில் இறக்குவோம். அதே மாதிரி பிரஷ் இல்லாத சின்ன மோட்டார் ஒன்றை பைப்புக்கு வெளியிலேயே தண்ணீரில் வைத்து ஓட்டினால் என்ன? பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை, காயிலில் வார்னிஷ் இருக்கிறது. பைப்புக்குள்ளிருந்து மூன்று வயர் மட்டும் வெளியே வரும், அந்த இடத்தை அரால்டைட் போட்டு நிரந்தரமாக அடைத்துவிடலாம். சுற்றுகிற எதுவும் சீல் வழியாக வராது.

அம்பைப்பிசின்:

செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல தண்ணீரில் மட்டும். பேரிங் துருப்பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடித்ததும் துடைத்து எண்ணெய் விடவேண்டும். உங்களுக்கு அதைச் சொல்லவேண்டியதில்லை.

குறுக்குத்துறைக்காரன்:

அண்ணாச்சி, ஒழுகுதா என்று பார்க்கப் பஞ்சர் கடை வழிதான். மூடியில் ஒரு வால்வு வைத்து, பைப்பை வாளியில் அமுக்கி, சிரிஞ்சால் காற்றை ஏற்றினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் அப்பா சைக்கிள் கடைதான். இதற்காகவாவது அவர் தொழில் உதவட்டும்.

காயில்கடை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மோட்டாரை வெளியே மாற்றியாயிற்று. பழைய டிரோன் மோட்டார் ஒன்று. காயிலுக்கு நானே ஒரு கோட் வார்னிஷ் கூட அடித்தேன், கை சும்மா இருக்கவில்லை. அதற்கேற்ற கன்ட்ரோலரும் வாங்கினேன். செருப்பு மிதவை உச்சியில். ஈயம் டயர் பேலன்ஸ் கடையில் கழற்றிப் போட்ட பழைய துண்டுகள், தட்டி நீட்டி அடியில் வரிசையாக. தராசில் 478 கிராம். பஞ்சர் கடைச் சோதனையில் வால்வு ட்யூப் ஒன்றில் குமிழி வந்தது. "இதுவரை ஒழுகவில்லை" என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மாற்றிவிட்டேன்.

பக்கவாட்டில் ஓட்டைகளைத் துளைக்க இரண்டு ராத்திரி ஆனது. நூலளவு டிரில் பிட் மூன்று உடைந்தது. கீழே தொங்குகிற சுக்கான் ரொம்பச் சின்னது, திரும்பவே மாட்டேன் என்கிறது. அதன் பின்னால் தண்ணீர் பாட்டிலில் வெட்டிய தெளிவான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒட்டி அகலமாக்கினேன். தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியவில்லை.

மிதவை ஏரியலுக்குத் தூண்டில் தக்கை. ஒன்றரை மீட்டர் வயர். மூடியை மாமனார் வீட்டுத் திண்ணையில், நிழலில், பைப்பைக் கொஞ்ச நேரம் குடத்துத் தண்ணீரில் போட்டு ஆறவைத்து மூடினேன். மாமியார் அந்தக் குடத்தை இரண்டு தடவை கழுவினார்.

நேற்று சாயங்காலம் அதே குளம். தண்ணீர் வற்றி இப்போது முழங்காலுக்கு மேல்தான் நிற்கிறது, அது நல்லதாகப் போயிற்று. கோபுரம் முங்கியது. தக்கை மட்டும் மேலே ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது. பிள்ளைகள் தக்கையோடு கரையில் ஓடினார்கள். இடதுபக்கம் திருப்பினேன், தக்கை இடதுபக்கம் திரும்பியது. மகள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

நாலாவது சுற்றில் தக்கை ஒரு ஆகாயத்தாமரைக் கொத்தில் மாட்டி நின்றுவிட்டது. சிக்னலும் போயிற்று. எண்ணிக்கொண்டே நின்றேன், ஒன்று, இரண்டு, மூன்று. மோட்டார் நின்றிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கொத்துக்கு இரண்டடி தள்ளி மூக்கு வெளியே வந்தது, பின்னால் கோபுரம். பைப்பைத் திறந்து பார்த்தேன், காய்ந்து இருந்தது.

மூக்கு முதலில் வந்தது பிடிக்கவில்லை. நேராக ஏறவேண்டும். ஈயத்தில் ஆறு கிராம் பின்னாலிருந்து முன்னால் போகவேண்டும் என்று நினைக்கிறேன். அக்கா, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். படம் போட்டிருக்கிறேன். டவர் படத்தில் இல்லை, அண்ணாச்சி. குளத்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.